ஜூன் 30க்குப் பிறகும் திறந்திருக்க வேண்டிய கதவு

(மேற்கு சிட்னியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்த மண் டாருக் பூர்வகுடி மக்களுடையது. அவர்களுடைய மூத்தோரை வணங்கித் தொடங்குகிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த வணக்கத்தைச் சொல்கிறோம். சொன்ன கையோடு நம் நிகழ்ச்சிக்குப் போய்விடுகிறோம். இன்று முழு நேரமும் பூர்வகுடி மக்களின் உடல்நலத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதிலும் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் தாங்களே நடத்தும் மருத்துவ நிலையங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அதைத் தேடிப் பெறுவதற்கு என்ன பாடுபடுகிறார்கள்? அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில் கணக்கும் மானிய விண்ணப்பங்களும் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அங்கே கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

2020–22 காலத்தில் பிறந்த பூர்வகுடி ஆண் குழந்தைக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுள் 71.9 ஆண்டுகள், பெண் குழந்தைக்கு 75.6 ஆண்டுகள். மற்ற ஆஸ்திரேலியர்களைவிட ஆணுக்கு 8.8 ஆண்டுகளும் பெண்ணுக்கு 8.1 ஆண்டுகளும் குறைவு. இந்த எட்டு ஆண்டுகளைப் பறிப்பவற்றில் முன்னே நிற்பவை இதய நோய், நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், நுரையீரல் நோய் ஆகியவை. இவற்றில் பலவற்றை இளம் வயதிலேயே கண்டுபிடித்து, அதே செவிலியர், அதே மருத்துவர், அதே கோப்பு என்று இருபது ஆண்டுகள் விடாமல் கவனித்தால் மனிதர் பிழைத்திருப்பார். நோய்க்குத் தேவை இருபது ஆண்டுக் கவனிப்பு. அதற்கு வரும் பணமோ ஒன்றிரண்டு ஆண்டு மானியம். என் பேச்சு முழுவதும் இந்தப் பொருந்தாமையைப் பற்றியதுதான்.

பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்திய முதல் மருத்துவ நிலையம் இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ரெட்ஃபெர்னில்தான் பிறந்தது. ஆண்டு 1971. ரீஜென்ட் தெருவில் ஒரு கடை முகப்பு. அதற்கு முந்தைய ஆண்டு அதே வட்டாரத்தில் தொடங்கிய சட்ட உதவி மையத்தில் பணியாற்றிய கார்டன் பிரிஸ்கோ, கண் மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸ், சிறைக்கைதிகளுக்கெல்லாம் தாயாக நின்றதால் ‘மம் ஷேர்ல்’ என்றே அழைக்கப்பட்ட ஷர்லி ஸ்மித், செவிலியர் டல்சி ஃபிளவர் முதலியோர் அதன் தொடக்கத்தில் நின்றார்கள். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த நவோமி மேயர்ஸ் பல பத்தாண்டுகள் அதை வழிநடத்தினார். மருத்துவமனைகளில் தங்களை மனிதராக மதிக்கவில்லை என்பதால் நோயாளிகள் வீட்டிலேயே கிடந்து செத்துக்கொண்டிருந்த காலம் அது. பகலில் வேறு இடத்தில் வேலை பார்த்த மருத்துவர்கள் மாலையில் ஊதியமின்றி வந்தார்கள். பணம் நன்கொடையாக வந்தது. குழந்தைகளின் நோய்க்குப் பின்னால் பசி இருப்பதைக் கண்டதும் காய்கறியும் பழமும் வீடு வீடாகக் கொண்டு போனார்கள். அது மருத்துவத்தில் சேருமா, எந்தத் திட்டத்தில் எழுதுவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தேவை என்னவென்று அவர்களே பார்த்தார்கள், அவர்களே செய்தார்கள், பணத்தை அதற்குப் பின்னால் வரவைத்தார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். பிற்பாடு தலைகீழானது இதுதான்.

ரெட்ஃபெர்னைப் பார்த்து 1973இல் மெல்பர்னின் ஃபிட்ஸ்ராயில் ஒரு நிலையம் எழுந்தது. அதே ஆண்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் காங்கிரஸ் உருவானது. சில ஆண்டுகளில் மருத்துவப் பணியிலும் இறங்கியது. இன்று நாடெங்கும் இப்படிப்பட்ட அமைப்புகள் 140க்கு மேல் இருக்கின்றன. ‘நாச்சோ’ என்ற தேசிய அமைப்பின் கீழ் அவை ஒன்றுசேர்ந்திருக்கின்றன. நிர்வாகக் குழுவை அந்தந்த ஊர்ப் பூர்வகுடி மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அரசு நடத்தும் மருத்துவமனையிலிருந்தும் தொண்டு நிறுவனத்திலிருந்தும் இவற்றைப் பிரித்துக் காட்டுவது இதுதான்.

1967 பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆம் என்று சொன்னதால் பூர்வகுடி மக்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. 1972 இறுதியில் பிரதமர் விட்லமின் அரசு வந்தபின் மத்திய அரசுப் பணமும் வரத் தொடங்கியது. ஆனால் அந்தப் பணம் சுகாதாரத் துறையிலிருந்து வரவில்லை. பூர்வகுடி விவகாரத் துறையிலிருந்து வந்தது. 1990இலிருந்து ‘அட்சிக்’ என்ற ஆணையத்திலிருந்து வந்தது. வீடு, சாலை, தண்ணீர், வேலை எல்லாவற்றோடும் மருத்துவமும் ஒரே பானையில் போட்டியிட வேண்டியிருந்தது. நாட்டின் மற்ற குடிமக்களுக்குச் சுகாதார அமைச்சர் பொறுப்பு. இவர்களுக்கு மட்டும் வேறொருவர். இது தவறு என்று சமூக நிலையங்களே ஆண்டுக்கணக்கில் போராடி, 1995இல்தான் பொறுப்பு சுகாதாரத் துறைக்கு மாறியது.

மாறியும் நிலைமை முழுதாகச் சீராகவில்லை. பணம் துண்டு துண்டாகவே வந்தது. தாய்சேய் நலத்துக்கு ஒன்று, புகையிலை ஒழிப்புக்கு ஒன்று, காது நோய்க்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று, போதை மீட்புக்கு இன்னொரு துறையிலிருந்து ஒன்று, மாநில அரசிடமிருந்து தனியாக இரண்டு மூன்று. 2015க்குப் பின் பிரைமரி ஹெல்த் நெட்வொர்க் எனப்படும் 31 வட்டார அமைப்புகளும் இடையில் வந்தன. மத்திய அரசு அவற்றுக்குக் கொடுக்கும். அவை மீண்டும் ஒப்பந்தம் கோரி நமக்குக் கொடுக்கும். ஜூடித் டுவையரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009இல் வெளியிட்ட ‘ஓவர்பர்டன்’ அறிக்கை இந்தச் சுமையை முறைப்படி அளந்து காட்டியது. ஒரே ஆண்டில் இருபதுக்கு மேற்பட்ட தனித்தனி மானியங்களைக் கையாண்ட நிலையங்கள் அதில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனிச் செலவுக் கணக்கு, தனி அறிக்கை, தனிக் கெடு. வாசலில் வந்து நிற்கும் பாட்டிக்கு நீரிழிவும் உண்டு, மன வேதனையும் உண்டு, வளர்க்கும் பேரனுக்குக் காதில் சீழும் உண்டு. அவர் ஒரே ஆள். நம் கோப்பில் அவர் மூன்று மானியங்கள்.

ஜூன் மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்நாட்டில் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. பெரும்பாலான மானியங்களும் அன்றோடு முடிகின்றன. புதுப்பிக்கப்படுமா என்ற பதில் மே மாதம் வந்தால் நல்ல ஆண்டு. ஜூனின் கடைசி வாரத்தில் வந்த ஆண்டுகளும் உண்டு. வீட்டுக்கடன் கட்டும் செவிலியரால் அதுவரை காத்திருக்க முடியுமா? ஏப்ரலிலேயே வேறு இடத்தில் நிரந்தர வேலை தேடிக்கொள்கிறார். நான் பணியாற்றிய இடத்தில் கர்ப்பிணிகளின் வீட்டுக்கே சென்று பார்க்கும் மருத்துவச்சி ஒருவர் இப்படித்தான் போனார். அவர் அந்தப் பெண்களின் நம்பிக்கையைச் சம்பாதிக்க மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்பதாவது மாதத்தில் மட்டும் மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் மூன்றாவது மாதத்திலேயே வரத் தொடங்கியிருந்தார்கள். மானியம் புதுப்பிக்கப்பட்டது, ஆகஸ்டில். அதற்குள் அவர் வேறு மாநிலத்தில் இருந்தார். அறிக்கையில் அந்த ஆண்டு ‘ஒதுக்கீடு முழுதும் செலவிடப்படவில்லை’ என்று எழுத வேண்டி வந்தது. செலவிடாததற்கு எங்களிடம் விளக்கம் கேட்டார்கள்.

மானியம் தேடுவது எப்படி என்று என்னிடம் கேட்கும் இளைஞர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள். நேராகவே சொல்கிறேன். மத்திய அரசின் மானிய அறிவிப்புகள் அனைத்தும் ‘கிராண்ட்கனெக்ட்’ என்ற ஒரே தளத்தில் வரும். மாநில அறிவிப்புகள் தனி. முதன்மை மருத்துவப் பணிக்கான அடிப்படை நிதி 2014இலிருந்து பூர்வகுடி ஆஸ்திரேலியர் சுகாதாரத் திட்டத்தின் வழியாக வருகிறது. இதற்குச் சமூக நிலையங்கள் ஒவ்வொரு முறையும் பொதுப் போட்டியில் இறங்க வேண்டியதில்லை. அதன் ஒப்பந்தக் காலமும் முன்பைவிட நீண்டிருக்கிறது, இது பெரிய ஆறுதல். தனியார் அறக்கட்டளைகளிடம் கேட்பதற்கு, நன்கொடையாளருக்கு வரிவிலக்கு தரும் தகுதியைப் பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும். பல அறக்கட்டளைகள் அது இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. விண்ணப்பத்தில் தேவையை நிறுவ, தேசியப் புள்ளிவிவரத்தைவிட உங்கள் நிலையத்தின் சொந்தத் தரவுதான் பேசும். நிலையங்கள் ஆண்டுக்கு இருமுறை அனுப்பும் தேசிய முக்கியக் குறியீடுகள் வெறும் கடமைக்கானவை என்று நினைக்காதீர்கள். எத்தனை நீரிழிவு நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எத்தனை குழந்தைகள் போதிய எடையோடு பிறந்தன என்பதை உங்கள் கையாலேயே காட்ட முடிந்தால் அதற்கு மேல் ஒரு வாதம் வேண்டாம்.

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அனுபவப்பட்ட தலைமைச் செயல் அலுவலர்களிடம் கற்றது. வேண்டாத மானியத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். அறிவிப்பு வந்துவிட்டது, தொகை பெரிது, கெடு மூன்று வாரம் என்று பார்த்ததும் கை பரபரக்கும். அந்தத் திட்டம் உங்கள் ஊர் மக்கள் கேட்டதா என்று முதலில் நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். கேட்காததை வாங்கினால் அதற்கு ஆள் எடுப்பீர்கள், வண்டி வாங்குவீர்கள், இரண்டாண்டில் பணம் நின்றதும் எல்லாவற்றையும் மூடுவீர்கள். மக்கள் நினைவில் நிற்பது நீங்கள் மூடியதுதான்.

போட்டி மானியத்தின் ஆபத்தை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கண்டது 2014இல். அப்போதைய மத்திய அரசு பூர்வகுடி மேம்பாட்டு உத்தி என்ற பெயரில் ஏறத்தாழ 150 திட்டங்களை ஐந்தாகச் சுருக்கியது. சுருக்கியதில் நியாயம் இருந்தது. துண்டு துண்டான பணத்தைப் பற்றி நாங்களே புலம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் அதே வரவுசெலவுத் திட்டத்தில் பூர்வகுடித் திட்டங்களிலிருந்து ஐந்தாண்டில் 50 கோடி டாலருக்கு மேல் வெட்டினார்கள். மீதியை எல்லோருக்கும் பொதுவான போட்டியில் வைத்தார்கள். விண்ணப்பம் எழுதத் தனிப் பிரிவே வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களோடு, ஒரே கணக்காளர் உள்ள பாலைவன ஊர் அமைப்பு போட்டியிட வேண்டியிருந்தது. அந்த மானிய நிர்வாகம் உரிய தரத்தில் நடக்கவில்லை என்று 2017இல் தலைமைத் தணிக்கை அலுவலகமே எழுதியது. நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்குப் பணம் போயிற்று. நன்றாக வேலை தெரிந்தவர்கள் பலர் வெளியே நின்றார்கள். நோயாளியைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் இப்படிப்பட்ட போட்டி பதில் தராது என்பது என் உறுதியான கருத்து.

மாற்று வழி இல்லையா? இருக்கிறது, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நாட்டின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேரை வடிவமைத்தவர்களில் ஒருவரான பொருளியலாளர் ஜான் டீபிள் 1998இல் ஒரு கணக்குப் போட்டார். பூர்வகுடி மக்களுக்கு அரசு அள்ளிக் கொடுக்கிறது என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. அவர் கணக்கில் தெரிந்தது வேறு. நோய்ச்சுமை பல மடங்கு அதிகமாக இருந்தும் அவர்களுக்கான மொத்த மருத்துவச் செலவு தலைக்கு மற்றவர்களைவிட எட்டு விழுக்காடுதான் அதிகம். மெடிகேரிலும் மருந்து மானியத்திலும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது மற்றவர்கள் பெறுவதில் ஏறத்தாழ கால் பங்கே. காரணம் எளிது. மருத்துவர் ஒருவரைப் பார்த்தால்தான் மெடிகேர் பணம் தரும். மருத்துவரே இல்லாத ஊரில் அது யாருக்கும் எதுவும் தராது.

இதே காலத்தில் வட பிரதேசத்தின் கேதரின் நகருக்கு மேற்கே ஒரு முயற்சி நடந்தது. தமிழ்நாட்டைவிடப் பெரிய நிலப்பரப்பு, சில ஆயிரம் மக்கள். 1966இல் வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் குரிஞ்சி மக்கள் வேவ் ஹில் மாட்டுப்பண்ணையை விட்டு வெளிநடப்புச் செய்தது இந்த வட்டாரத்தில்தான். அவர்களும் அண்டை மக்களும் தேர்ந்தெடுத்த கேதரின் வெஸ்ட் ஹெல்த் போர்டிடம், வட பிரதேச அரசு அங்கே செலவழித்து வந்த பணத்தையும், நாட்டின் சராசரிக் குடிமகன் மெடிகேரிலும் மருந்திலும் பெறும் தொகையை அந்த மக்கள்தொகைக்குக் கணக்கிட்டு மத்திய அரசு தந்த பணத்தையும் சேர்த்து ஒரே தொகையாகக் கொடுத்தார்கள். மானியம் என்ற பெயரே இல்லை. தலைக்கு இவ்வளவு என்ற பங்கு. எங்கே செவிலியர், எங்கே மருத்துவர், எங்கே சமையல் வகுப்பு என்பதை ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். சோதனைக் காலம் முடிந்தும் அந்த அமைப்பு நிலைத்தது, இன்றும் நடக்கிறது. கோயில் விளக்கு அணையாமல் எரிய நம் சோழர் காலத்தவர் ஆடுகளைக் கொடுத்து, மந்தை குறையாமல் காக்கச் சொல்லிக் கல்லில் வெட்டினார்களே, அந்த மனப்பான்மை இதில் இருக்கிறது. ஆண்டுதோறும் நெய்க்கு விண்ணப்பம் எழுத வைக்கவில்லை.

மெடிகேர் கதவும் 1996இல் கொஞ்சம் திறந்தது. அரசிடம் வேறு வழியில் பணம் பெறும் இடத்துக்கு மெடிகேர் கிடையாது என்ற சட்டப்பிரிவிலிருந்து சமூக நிலையங்களுக்கு விலக்கு அளித்தார்கள். பூர்வகுடி மக்களுக்கான வருடாந்திர முழு உடல் பரிசோதனைக்கு மெடிகேர் கட்டணப் பட்டியலில் இன்று 715 என்ற எண் இருக்கிறது. ஒரு பரிசோதனைக்கு இருநூறு டாலருக்கு மேல் நிலையத்துக்கு வருகிறது. இந்தப் பணத்தின் அருமை அதன் அளவில் இல்லை, அதில் மானியத்தைப் போன்ற கறாரான நிபந்தனை இல்லாததில் இருக்கிறது. பழுதான ஜெனரேட்டர், செவிலியர் தங்கும் வீட்டின் ஒழுகும் கூரை, இறுதிச் சடங்குக்கு நானூறு கிலோமீட்டர் போக வேண்டிய குடும்பத்துக்குப் பெட்ரோல் இவற்றுக்கெல்லாம் எந்த மானியமும் இடம் தருவதில்லை. 715 தருகிறது. தென்கிழக்கு குவீன்ஸ்லாந்தில் நான்கு நிலையங்கள் 2009இல் ஒன்றுகூடி அமைத்த நகர்ப்புறப் பூர்வகுடி சுகாதார நிறுவனம் இந்த வருமானத்தை முறையாகப் பெருக்கி, அதையே புது நிலையங்களில் போட்டு வளர்ந்தது.

நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கின்டோர், அதற்கும் அப்பால் மேற்கு ஆஸ்திரேலிய எல்லைக்குள் கிவிர்குரா. பின்டுபி மக்களின் ஊர்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. பிறகு ஊர் திரும்ப முடியவில்லை. ஊரின் பாட்டும் சடங்கும் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நகரத்தில் தனிமையில் கிடந்தார்கள். பாலைவனத்தில் டயாலிசிஸ் நடக்காது என்று அரசுகள் கையை விரித்தன. அந்த ஊர்களில் உலகப் புகழ்பெற்ற பாப்புன்யா டூலா ஓவியர்கள் இருந்தார்கள். ஆண்கள் சேர்ந்தும் பெண்கள் சேர்ந்தும் பெரிய ஓவியங்களைத் தீட்டினார்கள். 2000 நவம்பரில் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் அவை ஏலம் போயின. பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது.

அந்தப் பணத்தில் தங்கள் சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். பர்ப்பிள் ஹவுஸ் என்று இன்று எல்லோரும் அறிந்தது அதுதான். 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் இயந்திரம் ஓடியது. முடியாது என்று சொன்ன வேலை நடப்பதை அதிகாரிகள் கண்ணால் பார்த்தார்கள். இன்று ஏறத்தாழ இருபது ஊர்களில் அவர்களுடைய நிலையங்கள் இருக்கின்றன; நிலையம் இல்லாத ஊர்களுக்கு இயந்திரம் பொருத்திய லாரி போகிறது. 2018இல் மிகத் தொலைவான ஊர்களில் செவிலியர் மேற்பார்வையில் நடக்கும் டயாலிசிஸுக்கு மெடிகேரில் தனி எண்ணே கிடைத்தது. ஓவியத்தில் தொடங்கியது சட்ட உரிமையில் முடிய 18 ஆண்டுகள் ஆயின. நன்கொடைக்கும் மானியத்துக்கும் உள்ள மிகச் சிறந்த பயன் இதுதான் என்று நினைக்கிறேன்: முடியும் என்று காட்டிவிட்டு, அந்தச் செலவை அரசின் நிரந்தரக் கடமையாக்கி விலகிக்கொள்வது. ஆனால் அந்த 18 ஆண்டுகளில் டயாலிசிஸ் செய்துகொள்ள ஊர் திரும்ப முடியாமலே இறந்தவர்களை நினைக்கும்போது, நோயாளிகளே ஓவியம் விற்று இதை நிரூபிக்க வேண்டியிருந்ததே என்ற கோபம் எனக்குத் தணிவதில்லை.

2020 ஜூலையில் எல்லா அரசுகளும் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டமைப்பும் இடைவெளியைக் குறைப்பதற்கான தேசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பூர்வகுடி அமைப்புகளின் தரப்பை நாச்சோவின் தலைமைச் செயல் அலுவலர் பாட் டர்னர் முன்னின்று நடத்தினார். சமூகம் நடத்தும் அமைப்புகளை வலுப்படுத்துவது அதன் நான்கு முதன்மைச் சீர்திருத்தங்களில் இரண்டாவது. அதாவது நிலையான, போதிய நிதி என்பது எழுத்தில் ஒப்புக்கொண்ட கடமை. 2024 தொடக்கத்தில் உற்பத்தித்திறன் ஆணையம் அதை ஆய்வு செய்து, அரசுகள் தங்கள் பழைய நடைமுறையை அடிப்படையில் மாற்றவில்லை என்று தெளிவாக எழுதியது. கையெழுத்து இருக்கிறது, கெடுவைத்து வரும் மானியங்களும் அப்படியே இருக்கின்றன.

அவையோரே, இந்நாட்டின் குடியுரிமை பெற்ற வாக்காளர்கள் நாம். உங்கள் தொகுதி உறுப்பினர் நம் பொங்கல் விழாவுக்கு வருகிறார்; பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த முறை அவரிடம் இந்த 2020 ஒப்பந்தத்தின் இரண்டாம் சீர்திருத்தத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கணக்காளர்கள், உங்கள் வட்டாரத்துப் பூர்வகுடி நிலையம் நிதிக்குழுவுக்கு உதவி கேட்டால் போங்கள். கேட்டதைச் செய்யுங்கள், அவர்கள் முடிவை அவர்களே எடுக்கட்டும். இளம் மருத்துவர்கள், பொது மருத்துவப் பயிற்சியின் ஒரு பகுதியை இந்த நிலையங்களில் முடிக்க வழி இருக்கிறது. ஆறு மாதத்தோடு கிளம்பாமல் தங்குங்கள்.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நீங்கள் ஒரு மருத்துவப் பணிக்கு நன்கொடை தருகிறீர்கள். இந்த ஆண்டு அதைச் சமூகம் நடத்தும் ஒரு பூர்வகுடி மருத்துவ நிலையத்துக்குக் கொடுங்கள். எந்த நோய்க்கு, எந்தக் கருவிக்கு என்று எழுதாதீர்கள்; பெயர்ப்பலகை கேட்காதீர்கள். ஒரே ஆண்டோடு நிறுத்தாமல், ஐந்து ஆண்டுகளுக்குத் தருகிறோம் என்று இப்போதே எழுத்தில் கொடுங்கள்.